நிலைவாசலில் உழவர்கள்

வாழையிலை, முருங்கைக்காய், கதம்பம் எல்லாம் எங்களுக்கு மும்பை மாட்டுங்காவிலேயே கிடைத்துவிடும். ஹாபூஸ் மாம்பழப் பெட்டிக்கு மட்டும் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வி.டி. நிலையம் வரை ரயிலில் போவார். அங்கிருந்து பொடிநடையாகக் கிராஃபோர்டு மார்க்கெட். கடைக்காரர் மரப்பெட்டியின் மூடியைப் பெயர்த்து, வைக்கோலை விலக்கி, ஒரு பழத்தை அப்பாவின் உள்ளங்கையில் வைப்பார். அப்பா அமுக்கிப் பார்க்கமாட்டார். காம்படியை மூக்கருகே கொண்டுபோவார். பேரம் படியும்வரை நான் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்தக் கூரைக்கு ஏன் அவ்வளவு உயரம் என்பது மே மாதப் புழுக்கத்தில் அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து வெளிச்சம் இறங்குகிறது. சூடான காற்று மேலேறிப் போய்விட, கீழே கீரையும் பழமும் மனிதர்களும் வாடாமல் இருக்கிறார்கள்.

1869-ல் கட்டி முடித்த மண்டி இது. அப்போதைய நகராட்சி ஆணையர் ஆர்தர் கிராஃபோர்டின் பெயரை வைத்தார்கள். வடிவமைத்தவர் வில்லியம் எமர்சன். பின்னாளில் கொல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தை வடிவமைத்தவரும் அவரே. அவருடைய குரு வில்லியம் பர்ஜஸ், ஐரோப்பாவின் இடைக்காலக் கட்டடங்களில் தோய்ந்தவர். அந்தத் தோய்வு சீடரிடமும் தெரிகிறது. பெல்ஜியத்து இப்ரே நகரில் 1304-ல் முடிந்த துணிச் சந்தையின் படத்தைப் பார்த்தபோது எனக்கு நம் மண்டிதான் நினைவுக்கு வந்தது: நீண்ட கூடம், வரிசையாக வளைவுகள், நடுவில் ஊருக்கே தெரியும் கோபுரம். ஆனால் இங்கே கல் நம்முடையது. பழுப்புக் கல் குர்லாவிலிருந்தும் செங்கல் நிறக் கல் வசாயிலிருந்தும் வந்தன.

மதுரைப் புதுமண்டபத்தில் கதை நேர்மாறு. திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய கல் மண்டபத்தில், பிற்காலத்தில் தையல்காரர்களும் வளையல்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் சிலைகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். நிழல் இருக்கும் இடத்தைச் சந்தை தானே தேடிப் போகும். மும்பையில் சந்தைக்கென்றே நிழலைக் கட்டினார்கள்.

நான் மறுபடி மறுபடி நின்று பார்ப்பது வாசலைத்தான். வளைவுகளுக்கு மேலே புடைப்புச் சிற்பங்கள்: வயலில் உழைக்கும் நம் உழவர்கள். ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. இவற்றை உருவாக்கிய லாக்வுட் கிப்ளிங், எதிரே உள்ள ஜே.ஜே. கலைப்பள்ளியில் ஆசிரியர், எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் தந்தை. பெட்டிகளும் தலைக்கூடைகளும் உள்ளே வரும் வழியில், அவற்றை விளைவித்தவர்களை நெற்றியில் வைத்தாரே என்று எனக்கு இன்றும் நெகிழ்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு வைத்த பெயர் அந்தச் சிற்பங்களுக்கு இன்னும் பொருத்தம். மகாத்மா ஜோதிபா புலே மண்டை; மராத்தியில் 'மண்டை' என்றால் சந்தை. பூ வியாபாரம் செய்ததால்தான் அவர் குடும்பத்துக்குப் 'புலே' என்ற பெயரே வந்தது. கடனிலும் அதிகாரிகளின் கெடுபிடியிலும் உழவர் நசுங்குவதை 1883-ல் 'ஷேத்கர்யாச்சா ஆசூட்', அதாவது 'உழவனின் சாட்டை', என்று புத்தகமாகவே எழுதியவர் அவர். ஊரில் இன்னும் கிராஃபோர்டு என்றுதான் சொல்கிறோம், நானும்தான். சென்ற ஆண்டிலிருந்து டாக்ஸிக்காரரிடம் வேண்டுமென்றே 'புலே மண்டை' என்று சொல்லிப் பழகுகிறேன்.

மொத்த வியாபாரம் 1996-ல் வாஷிக்குப் போய்விட்டது. அப்பாவும் இல்லை. போன மே மாதம் மகளோடு போயிருந்தேன். வாசலில் தலைக்கூடை சுமக்கும் ஒரு பாட்டிவாலா வெற்றுக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, தலையில் வைக்கும் சும்மாட்டுத் துணியை உதறிக்கொண்டிருந்தார். அவருக்கு நேர் மேலே கல்லில் அந்த உழவர்கள். மகள் அவரையும் சிற்பத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே போனதும் பழத்தை அமுக்கப் போனாள். கையைப் பிடித்து, காம்படியை முகர்ந்து பார்க்கச் சொன்னேன்.