துடைப்பமும் தங்கமும்

கோலி ஆடியவர்களுக்கு கர்லிங் எளிதில் புரியும். கோலிக்குப் பதில் கிட்டத்தட்ட 20 கிலோ எடையுள்ள, கைப்பிடி வைத்த கிரானைட் கல். மண்தரைக்குப் பதில் சுமார் 45 மீட்டர் நீளமுள்ள பனித்தளம். மறுகோடியில் வரைந்த வட்டத்தின் நடுவுக்கு எதிரணியைவிட நெருக்கமாகக் கல்லை நிறுத்த வேண்டும். கல் நகரும்போது இரண்டு பேர் அதற்கு முன்னால் துடைப்பத்தால் பனியைத் தேய்த்துக்கொண்டே போவார்கள். தேய்க்கத் தேய்க்க வழுக்கல் கூடும், கல் இன்னும் கொஞ்சம் தூரம் போகும். முதல்முறை பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். கனடாவில் யாரும் சிரிப்பதில்லை. நீண்ட குளிர்காலத்தில் அங்குள்ள பல சிற்றூர்களுக்கு கர்லிங் கூடம்தான் ஊர்ச் சாவடி.

அப்படியொரு சிற்றூர் சஸ்காச்சுவான் மாகாணத்தின் பிக்கர். 1963-ல் பிறந்த சாண்ட்ரா ஷ்மிர்லர் அந்த ஊர்ப் பெண். படிப்பு முடிந்து ரெஜைனா நகரில் ஒரு பொழுதுபோக்கு மையத்தில் வேலை பார்த்தார். விளையாட்டையே நம்பிப் பிழைக்கும் வசதி அன்றைய கர்லிங் வீராங்கனைகளுக்குக் கிடையாது. அணியின் மற்ற மூவரான ஜேன் பெட்கர், ஜோன் மெக்கஸ்கர், மார்சியா குடெரைட் ஆகியோரும் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஆடியவர்கள்தான். ஆனாலும் 1993, 1994, 1997 என மூன்று முறை உலகப் பட்டம் இவர்களுக்கே.

1998 ஒலிம்பிக்கில்தான் பெண்கள் கர்லிங் முதன்முறையாகப் பதக்கப் போட்டியானது. கனடாவின் சார்பில் போவது யார் என்று தீர்மானிக்க 1997 நவம்பரில் பிராண்டன் நகரில் தேர்வுப் போட்டி நடந்தது. ஷ்மிர்லருக்கு முதல் குழந்தை பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இறுதி ஆட்டத்தின் முக்கியமான கட்டத்தில், வட்டத்தின் நடுவே ஷானன் கிளைப்ரிங்க் அணியின் கல் நின்றது. ஷ்மிர்லர் அதை நேராகக் குறிவைக்கவில்லை. ஓரத்தில் கிடந்த ஒரு கல்லின் மீது தன் கல்லை மோதவிட்டார். கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் திரும்புவதுபோல் அது திசைமாறி வந்து நடுக் கல்லைத் தள்ளியது. மூன்று புள்ளிகள். கனடாவில் இன்றும் பேசப்படும் வீச்சு அது. அடுத்த பிப்ரவரியில் நகானோ ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் டென்மார்க்கை 7-5 என்று வென்று தங்கம்.

வேலை, வீடு, கைக்குழந்தை என்று சொல்லி ஒரு பெண்ணை ஆட்டத்திலிருந்து ஒதுக்குவது எந்த நாட்டிலும் சுலபம். ஷ்மிர்லர் ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடவில்லை.

1999-ல் இரண்டாவது மகள் பிறந்தாள். அதே ஆண்டில் புற்றுநோயும் தெரியவந்தது. 2000 பிப்ரவரியில், சிகிச்சைக்கு நடுவே, இளையோர் போட்டியின் டிவி வர்ணனைக்காக வந்தவர் நிருபர்களிடம் தன் மூன்று ஆசைகளைச் சொன்னார்: குடும்பத்தைக் கவனிப்பது, எங்காவது வெயிலடிக்கும் ஊரில் மணலில் கால் பதிப்பது, அன்று அந்தப் போட்டிக்கு வந்திருப்பது. பட்டியலில் பதக்கம் எதுவும் இல்லை.

மூன்றாவது ஆசை அன்றே நிறைவேறிவிட்டது. மற்ற இரண்டுக்கும் காலம் போதவில்லை. மார்ச் 2-ம் தேதி, 36 வயதில் இறந்தார். இறுதிச் சடங்கைத் தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பியது. 2001-ல் அவர் பெயரில் தொடங்கிய அறக்கட்டளை, குறைமாதத்தில் பிறந்த, நோயுற்ற சிசுக்களுக்கான உயிர்காக்கும் கருவிகளை வாங்க கனடிய மருத்துவமனைகளுக்கு உதவிவருகிறது.