குறை கூறும் அதபு

பிறர் ஆக்கத்தைப் பார்த்துக் கருத்துரைப்பது எளிய காரியம் என்று பலர் கருதுகின்றனர். கவிதையாயினும் புகைப்படமாயினும் "அருமை" என்றோ "தேறாது" என்றோ ஒரு சொல் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்பது அவர்கள் எண்ணம். இவ்விரு சொற்களாலும் படைத்தவனுக்கு ஒரு பயனும் இல்லை. முன்னது அவனை நின்ற இடத்திலேயே நிறுத்துகிறது. பின்னது அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

நாகைக் கடற்கரைப் பகுதியில் வாழும் நண்பர்கள் பத்துப் பன்னிருவர் மாதம் ஒருமுறை கூடி, தாம் எடுத்த இயற்கைப் படங்களையும் பயணப் படங்களையும் காட்டிக் கருத்துக் கேட்கும் வழக்கம் சில ஆண்டுகளாக நடந்து வருகிறது. ஒருவர் துணிக்கடை வைத்திருப்பவர். ஒருவர் ஓய்வு பெற்ற அஞ்சல் எழுத்தர். ஒருவர் ஓமானில் இருபது ஆண்டுகள் வண்டியோட்டித் திரும்பியவர். எவருக்கும் புகைப்படம் பிழைப்பன்று. கிதாபும் இலக்கணமும் கற்பிக்கும் நமக்கும் காமிராவில் கொஞ்சம் பற்றுண்டு. ஆகவே அந்த அவையில் ஓர் இடம் உண்டு.

ஓமானிலிருந்து வந்தவர் ஒரு மாலையில் ஸலாலா மலைப் படங்களைக் கொணர்ந்தார். அரபியில் 'கரீஃப்' என்றால் இலையுதிர் காலம். ஆனால் ஸலாலாவில் அப்பெயர் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள பருவமழைக் காலத்தைக் குறிக்கும். அப்போது சாரலும் மூடுபனியும் சூழ, வறண்ட மலைகள் பச்சை போர்த்திக் கொள்ளும். அந்தப் பனியினூடே ஒட்டகங்கள் இறங்கி வரும் படம் அது. அன்பர் ஒருவர், "மங்கலாக இருக்கிறது" என்று கூறி அடுத்த படத்திற்குப் போய்விட்டார். படம் எடுத்தவர் அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை.

நாம் அவர் வீடு சென்று விசாரித்தோம். "ஹஜ்ரத், மங்கல்னு எனக்கும் தெரியுது. ஏன் மங்கல்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடுத்த தடவை திருத்தியிருப்பேனே" என்றார். அவர் கேட்டது புகழ்ச்சியன்று, காரணம்.

காரணமும் எளியதே. காமிராவிலுள்ள ஒளிமானி, தன் முன் இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் எனக் கொண்டு கணக்கிடுகிறது. படம் முழுதும் வெண்பனி நிறைந்திருந்தால் அதையும் சாம்பலாக்கிவிடும். ஒளியளவை ஒரு படி கூட்டி எடுத்தால் பனி தன் வெண்மையைப் பெறும். கரிய நீர்ப்பரப்பின் நடுவே நிற்கும் வெண்கொக்குக்கோ இதற்கு நேர்மாறாக ஒரு படி குறைக்க வேண்டும். இன்றேல் இறகின் வரிகள் அழிந்து வெறும் வெள்ளைத் திட்டு மிஞ்சும். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் கிடைக்காமையால் ஓர் அன்பரை அவை இழக்க இருந்தது.

ஒளியின் இயல்பை ஆய்ந்து 'கிதாபுல் மனாளிர்' எழுதிய இப்னுல் ஹைதமை நாம் இங்கே நினைக்கின்றோம். பஸராவில் சுமார் 965-ல் பிறந்து, கெய்ரோவில் சுமார் 1040-ல் மறைந்தவர். இருட்டறையில் சிறு துளை வழியே புகும் ஒளியைக் கொண்டு அவர் செய்த சோதனைகள் காமிராவின் வரலாற்றில் பேசப்படுபவை. அவரே விமர்சன நூல் ஒன்றும் இயற்றினார். தாம் பெரிதும் மதித்த யவன அறிஞர் தாலமியின் நூல்களில் ஐயத்திற்குரிய இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டும் 'அஷ்ஷுகூக் அலா பத்லமியூஸ்' என்பது அது. குறை காண்பவன் தன்னையும் ஐயுற வேண்டும், காழ்ப்புக்கும் இடங்கொடாமல் தாட்சண்யத்துக்கும் இடங்கொடாமல் நடக்க வேண்டும் என்ற கருத்தை அதன் முன்னுரையில் காணலாம். புகைப்பட அவைக்கும் இதைவிட நல்ல விதி வேண்டுவதில்லை.

தாட்சண்யத்தின் கேட்டையும் அவையில் கண்டோம். இளைஞர் ஒருவர் மாதுளைச் செடியிலிருந்த கொண்டைக்குருவிக் கூட்டைப் படம் பிடித்து வந்தார். வாய் பிளந்த மூன்று குஞ்சுகள், நல்ல வெளிச்சம், துல்லியமான படம். அவை முழுதும் பாராட்டிற்று. கூட்டை மறைக்கும் இலைகள் ஒன்றுகூட இல்லையே என்று நாம் வினவ, வெளிச்சத்திற்காகக் கிளைகளை வெட்டியதாக அவர் மறைக்காமல் கூறினார். இலைதான் குஞ்சுகளுக்குக் குடை; காகத்தின் கண்ணிலிருந்து காக்கும் திரையும் அதுவே. படத்தின் துல்லியத்தை மெச்சிய பின், "தம்பி, இவ்வழியில் இனி எடுக்க வேண்டாம், தள்ளி நின்று தாய்ப்பறவையை எடுங்கள்" என்றோம். அவர் முகம் வாடியது. ஆயினும் அன்று வாளாவிருந்திருந்தால், அப்பாராட்டை நம்பி இன்னும் பல கூடுகள் திறக்கப்பட்டிருக்கும். மறுமாதம் அலகில் புழுவோடு மதிற்சுவரில் அமர்ந்திருக்கும் குருவியின் படத்தை அவர் கொணர்ந்தார்.

இப்போது அவையில் ஒரு முறைமை வகுத்துள்ளோம். முதலில், எதைக் காட்ட எண்ணி எடுத்தீர் என்று எடுத்தவரையே கேட்பது. அடுத்து, நம் கண் முதலில் எங்கே சென்றது, எங்கே தடுக்கியது என்று உரைப்பது. பிறகு, அவரால் செய்யக்கூடிய ஒரே ஒரு திருத்தத்தைச் சொல்வது. கோடியக்கரையில் பறக்கும் பூநாரையை 1/60 நொடியில் எடுத்துச் சிறகு கலங்கியிருந்தால், 1/1000 நொடியில் முயலச் சொல்லலாம். சிறகின் அசைவையே காட்ட எண்ணினேன் என்பாராயின் அத்திருத்தம் பொருந்தாது; அதனாலன்றோ கேள்வி முதலில் வருகிறது! உப்பளத் தொழிலாளியின் முகத்தை எடுத்திருந்தால், அவர் இசைவு பெற்றீரா என்பதும் கேட்கப்படும். பத்துக் குறைகளை ஒருங்கே அடுக்குவதில்லை. மாணவன் ஏட்டில் சிவப்பு மை மிகுந்தால் அவன் ஏட்டையே மூடிவிடுவான் என்பதை ஆசிரியர் எவரும் அறிவர்.

இது அவைக்கு மட்டும் உரியதன்று. இன்று வீடுதோறும் கைப்பேசியில் காமிரா உண்டு. பயணம் போய்வந்த மகனோ மகளோ படத்தை நீட்டினால், விரலால் தள்ளிவிட்டு "நன்று" என்னாமல், ஒரு படத்தையேனும் நின்று பாருங்கள். அதில் கண்டது ஒன்றையும், அடுத்த முறைக்கு ஒன்றையும் சொல்லுங்கள். பிள்ளைகள் எதிர்பார்ப்பதும் அவ்வளவே.