தகரத்தைக் குழைத்தவர்கள்

ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு மட்கார்டு கடையில் கிடைக்காத காலம் ஒன்று வந்தது. வண்டலூர் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையோரம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1961-லிருந்து அந்த வண்டியைச் செய்துகொண்டிருந்தது. 1970-களின் தொடக்கத்தில் அதன் இடத்துக்கு கெஸல் வந்தது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. 1988-ல் கார் செய்வதே நின்றுபோனது. வண்டிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் சித்தப்பாவிடம் ஒரு ஹெரால்டு இருந்தது. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு அடிக்கடி போய், கடலோரத்தில் நிறுத்தியே அதைக் கெடுத்துவிட்டார் என்பது சித்தியின் வழக்கு.

செங்கல்பட்டில் ராட்டிணங்கிணறு தாண்டியிருந்த டிங்கர் பட்டறை எனக்குப் பழக்கமானது அப்படித்தான்.

ஹெரால்டின் பானெட்டும் இரண்டு மட்கார்டுகளும் ஒன்றாகச் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். திறந்ததும் பட்டறை மேஸ்திரி இன்ஜினைப் பார்க்க மாட்டார். மட்கார்டின் உள்விளிம்பில் விரலை விட்டுச் சுரண்டுவார். சேறு தங்கும் இடம் அதுதான். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே துரு பொரபொரவென்று உதிரும்.

“மேஸ்திரி, தேறுமா?”

“தேறாது சார். வெட்டிட்டுப் புதுசா அடிக்கணும்.”

அடிப்பது என்றால் வெறும் ஷீட்டிலிருந்து. நல்ல நிலையில் இருக்கும் எதிர்ப்பக்க மட்கார்டின் வளைவுகளை முதலில் கம்பியில் எடுத்துக்கொள்வார். கம்பியைப் புரட்டிப் பிடித்தால் அதுவே இந்தப் பக்கத்துக்கு அளவு. 20 கேஜ் ஷீட், ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த கனம். பாலாற்று மணல் அடைத்த கித்தான் பைமேல் அதைக் கிடத்திக் கொட்டாப்புளியால் நடுவிலிருந்து தட்ட ஆரம்பிப்பார். அடி வாங்கிய இடம் மெலிந்து விரியும். விரிந்ததற்கு இடம் வேண்டுமே, அது குழியும். ஓரம் விரியாததால் அங்கே சுருக்கம் விழும். கொஞ்ச நேரத்தில் முழு ஷீட்டும் பொரித்த அப்பளம் போல ஆகிவிடும். அதைப் பார்த்துச் சித்தப்பா முகம் சுளித்தார். மேஸ்திரி ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டார், பதில் சொல்லவில்லை.

ஓரத்துச் சுருக்கத்தை இழுத்து விரித்துவிட்டால் கதை முடிந்தது. அந்த மடிப்பை அதற்குள்ளேயே தட்டி அடக்கினால்தான் வளைவு நிற்கும். பிறகு மட்டம் தட்டும் வேலை. அடியில் டாலி என்ற இரும்புக்கட்டை, மேலே சுத்தியல். பட்டறையில் இருந்த பெரிய டாலி தண்டவாளத் துண்டில் ராவி எடுத்தது. செங்கல்பட்டு ரயில்வே ஊர் அல்லவா! டாலி நேர் அடியில் இருந்தால் ‘கிண்’ என்று கேட்கும், விலகியிருந்தால் ‘டப்’. கிண் அடி இரும்பை விரிக்கும், டப் அடி மேட்டை இறக்கும். எங்கே எது என்பதைக் காதால் பிரித்துக்கொண்டே, பக்கத்தில் இருப்பவரோடு ஊர்க்கதையும் பேசுவார்.

அளவுக்கு மீறி விரிந்துவிட்டால் ஷீட் டொப்பென்று உள்ளே போய் டொப்பென்று வெளியே வரும். அப்போது கேஸ் நெருப்பில் காசளவு இடத்தைச் சிவக்கவைத்து, சுற்றித் தட்டி, ஈரச் சாக்கை அழுத்துவார். புஸ்ஸென்று ஆவி கிளம்ப, இரும்பு சுருங்கி அடங்கும். அந்த நெருப்புக்கு வாயு, கார்பைடு டிரம்மிலிருந்து. கல் தண்ணீரில் பட்டதும் பூண்டு நாற்றம் தெருமுனை வரை வரும். மிஞ்சிய வெள்ளைச் சேறு சுண்ணாம்புதான். பொங்கலுக்கு முன்னால் பட்டறைச் சுவரில் அதையே அடித்துவிடுவார்கள்.

கடைசியில் பழைய பனியன் துணி ஒன்றை உள்ளங்கைக்கு அடியில் வைத்து மட்கார்டின் நீளத்துக்கும் தடவுவார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. “இங்க ஒரு பள்ளம் இருக்கு பாரு தம்பி” என்பார். நானும் தடவுவேன், ஒன்றும் தட்டுப்படாது. அரத்தை லேசாக ஓட்டியதும் சுற்றிலும் வெள்ளையாக மின்ன, அவர் சொன்ன இடம் மட்டும் அரம் படாமல் கறுப்பாக நிற்கும்.

பட்டி பூசி மறைக்கிற ஆட்களை அவருக்கு ஆகாது. வண்டி வாங்கப் போகிறவர்களிடம், ஒரு காந்தத்தை எடுத்துப் போய் மட்கார்டில் ஒட்டிப் பாருங்கள் என்பார். பட்டி கனமாக இருந்தால் காந்தம் வழுக்கி விழும்.

மாமல்லபுரத்து உளிச்சத்தத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. அங்கே 1957-லேயே அரசு சிற்பக் கல்லூரி வந்தது. கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான். ஆனால் கல்தச்சர் வேண்டாததைக் கொத்தித் தள்ளுகிறார். டிங்கர் எதையும் தள்ளுவதில்லை, சேர்ப்பதும் இல்லை. இருக்கிற இரும்பையே ஓரிடத்தில் விரித்து, இன்னோரிடத்தில் ஒடுக்கி, உருவத்தைக் கொண்டுவருகிறார். எது கடினம் என்று கேட்டால் நான் பட்டறைப் பக்கம்தான் சாய்வேன். இந்தக் கைவேலைக்கு அந்தப் பக்கத்தில் கல்லூரியும் இருந்ததில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

1990-களின் இறுதியில் மறைமலைநகரில் ஃபோர்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் என்று ஆலைகள் வந்தன. அடுத்து மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ., ஒரகடத்தில் ரெனோ-நிசான். அச்சில் அழுத்திய மட்கார்டு பெட்டியில் வந்து இறங்கும். ஒடுங்கியதைக் கழற்றிப் போட்டுப் புதியதை முடுக்கினால் வேலை முடிந்தது, பணம் இன்சூரன்ஸ்காரர் கொடுப்பார். பம்பர் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. ஷீட்டும் முன்னைவிட மெலிது, முன்னைவிட முரடு. பழைய கொட்டாப்புளி அடிக்கு அது குழைவதில்லை. ஒருநாள் கூலிக்கு ஒரு வளைவை எடுத்துக்கொண்டிருக்க எந்த சர்வீஸ் சென்டராலும் முடியாது, அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மேஸ்திரியின் பிள்ளைகளும் கம்பெனி பஸ் ஏறி ஷிஃப்டுக்குப் போனார்கள். அதில் அவருக்கு நிம்மதிதான்.

இப்போது பழைய ஹெரால்டுகளைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கிறவர்கள் கிளம்பியிருக்கிறார்கள். முன்பக்கத்துக்குக் கவலையில்லை, இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டும் நம்முடையதும் ஒரே சாயல், அங்கே புதிதாகச் செய்த பாகங்கள் விலைக்குக் கிடைக்கின்றன. சிக்கல் பின் கதவில். அங்கே ஹெரால்டு இரண்டு கதவு வண்டியாகவே இருந்து முடிந்தது. நான்கு கதவு ஹெரால்டு செய்தது நம் வண்டலூர்க்காரர்கள். அந்தப் பின் கதவு துருப்பிடித்தால் எந்த நாட்டிலிருந்தும் வரவழைக்க முடியாது. யாராவது உட்கார்ந்து ஷீட்டில் அடித்துத்தான் கொடுக்க வேண்டும்.