தீவுகள் தந்த உறவு

பொருள் உடையவர்க்குக் கடல் ஒரு பெருந்தடை அன்று. கூலி கொடுத்தால் கப்பல் கிடைக்கும். கப்பல் கிடைத்தால் எந்தக் கரையையும் அடையலாம். ஆயின், கரையை அடைதல் வேறு. அக்கரையில் வாழும் மக்களின் உள்ளத்தை அடைதல் வேறு. முன்னதற்கு விலை உண்டு. பின்னதற்கு விலை இல்லை. இவ்வுண்மையைத் தம் பட்டறிவால் உணர்ந்தவர், ஸ்காத்லாந்து நாட்டு எழுத்தாளராகிய இராபர்ட் லூயி ஸ்டீவன்சன்.

இவர் 1850ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் பிறந்தார். இவருடைய குடும்பத்தார் கலங்கரை விளக்கங்களை அமைப்பதில் பேர்பெற்றவர்கள். இருளில் வரும் மாலுமிகளுக்கு ஒளி காட்டுவதே அவர்களது குலத்தொழிலாய் விளங்கிற்று. ஸ்டீவன்சன் அத்தொழிலில் நிலைக்கவில்லை. இளமை தொட்டே நெஞ்சு நோய் அவரை வாட்டியது. அடிக்கடி இருமலும் குருதிப் பெருக்கும் தோன்றி அவரைப் படுக்கையில் கிடத்தின. ஆயினும், படுத்த படுக்கையிலும் எழுதுகோலை அவர் விட்டாரல்லர். 1883ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த 'புதையல் தீவு' என்னும் கதை அவருடைய புகழை உலகெங்கும் பரப்பியது. அந்நூலை எழுதியபோது தென்கடல் தீவு ஒன்றையும் அவர் கண்டதில்லை என்பது வியப்பன்றோ!

1887ஆம் ஆண்டில் தந்தையார் மறைந்தார். அதன்பின் ஸ்டீவன்சன் அமெரிக்கா சென்றார். வெப்ப நாட்டுக் கடற்காற்று தம் நோயைத் தணிக்கும் என்று கருதி, தந்தையார் விட்டுச்சென்ற செல்வத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டு, 'காஸ்கோ' என்னும் உல்லாசக் கப்பலை வாடகைக்கு அமர்த்தினார். இரண்டு பாய்மரங்களைக் கொண்ட அக்கப்பல் 95 அடி நீளமும் 74 டன் அளவும் உடையது. முதிய தாயும் மனைவியும் மனைவியின் மைந்தரும் உடன்வர, 1888ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் அவர் சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்தினின்று புறப்பட்டார். பிழைத்து மீள்வாரோ என்று நண்பர்கள் அஞ்சிய ஒருவர், எல்லை காணாப் பெருங்கடலில் தம்மை ஒப்படைத்தார்.

ஒரு திங்கள் முழுதும் நீரும் வானும் அன்றி வேறொன்றும் காணப்படவில்லை. ஜூலை 28ஆம் நாள் விடியற்காலத்தில் மார்க்கேசஸ் தீவுகளின் மலைமுடிகள் தோன்றின. நுக்கு ஹீவா என்னும் தீவில், அனாஹோ என்னும் குடாவில் கப்பல் நங்கூரம் பாய்ச்சிற்று. உடனே தீவு மக்கள் ஓடங்களில் வந்து கப்பலில் ஏறினர். அவர்கள் மொழி இவருக்குத் தெரியாது; இவர் மொழி அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கப்பலின் அறையில் தரைமேல் அமர்ந்து, அகன்ற விழிகளால் இவரையே நோக்கிக்கொண்டிருந்தனர். அப்பார்வையின் முன் இவர் நாணினார். சிறிது அஞ்சவும் செய்தார். ஆயிரம் கதை எழுதவல்ல நாவலர்க்கு அன்று ஒரு சொல்லும் துணைவரவில்லை.

இத்தடையை நீக்க அவர் ஒரு வழி கண்டார். தீவு மக்களின் பழைய வழக்கம் ஒன்றை அறிய விரும்பினால், முதலில் தம் முன்னோரின் பழைய வழக்கம் ஒன்றை எடுத்துரைப்பார். ஸ்காத்லாந்தின் மலைநாட்டிலும் குலத்தலைவர்கள் இருந்தார்கள், குலப்போர்கள் நிகழ்ந்தன, பேய் பற்றிய அச்சம் இருந்தது. 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர், அம்மலைநாட்டார் படைக்கலம் தாங்கவும் தம் பழைய உடையை உடுத்தவும் தடை விதிக்கப்பட்டது. இவற்றைக் கேட்ட தீவினர், "இவரும் நம்மைப் போன்றவரே" என்று எண்ணித் தம் வாய் திறந்தனர். தம் குறையை முதலில் சொன்னவர்க்கே பிறர் தம் மறையைச் சொல்வர் போலும்!

அத்தீவுகளில் அவர் கேட்ட செய்திகளுள் ஒன்று நெஞ்சை உருக்குவது. ஹாப்பா என்னும் குலத்தார் ஏறத்தாழ நானூறு பேர் ஒரு பள்ளத்தாக்கில் வாழ்ந்தனர். பெரியம்மை புகுந்து அவர்களில் நாலில் ஒரு பங்கினரை அழித்தது. ஆறு திங்கள் கழிந்தபின் ஒரு பெண்ணுக்கு என்புருக்கி நோய் கண்டது. அது காட்டுத்தீயெனப் பரவியது. ஓராண்டு நிறையும் முன்னரே, எஞ்சிய ஆண் ஒருவனும் பெண் ஒருத்தியும் ஆளற்ற அவ்விடத்தை விட்டு ஓடிப்போயினர். இவ்வாறு ஸ்டீவன்சன் தம் பயண நூலில் எழுதிவைத்துள்ளார். வெளிநாட்டுக் கப்பல்கள் துணியையும் இரும்பையும் மட்டும் கொண்டுவரவில்லை, நோயையும் கொண்டுவந்தன. நோய் தணியும் என்று தீவை நாடிவந்த ஒருவர், தம்மைப் போன்ற வேற்று நாட்டாரால் தீவு மக்கள் நோயுற்று மாண்டதைக் கேட்க நேர்ந்தது. அழகை மட்டும் கண்டு மகிழ்ந்து செல்ல அவர் மனம் இடந்தரவில்லை.

அதன்பின் காஸ்கோ ஃபக்கரவா என்னும் பவளத்தீவை அடைந்தது. மலையும் ஆறும் இல்லாத தீவு அது. கடலடியில் மூழ்கிய பழைய எரிமலையைச் சுற்றிப் பவள உயிர்கள் எழுப்பிய வளையமே இத்தகைய தீவு என்று 1842ஆம் ஆண்டில் டார்வின் விளக்கியுள்ளார். வளையத்தின் புறத்தே பேரலைகள் மோதி முழங்கும். அகத்தே உப்புநீர்க் காயல் ஓசையின்றி ஒளிரும். இடையே உள்ள சிறு நிலத்தில் தென்னை மரங்கள் ஓங்கி நிற்கும்.

அங்கிருந்து தாகித்தித் தீவை அடைந்தபோது, ஸ்டீவன்சனுக்கு நோய் முற்றியது. தௌத்திரா என்னும் சிற்றூருக்கு அவரைக் கொண்டுசென்றனர். அவ்வூரில் இருந்த மோவே என்னும் அரசகுல மங்கை, பச்சை மீனை எலுமிச்சஞ்சாற்றில் ஊறவைத்துப் பக்குவம் செய்து ஊட்டி அவரைப் பேணினார். ஊர்த்தலைவர் ஓரி-ஆ-ஓரி தம் வீட்டையே விருந்தினருக்கு அளித்தார். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரியைத் தமிழர் அறிவர். பெயர் ஒத்தது தற்செயலே. ஆயினும், கொடைக்குணமும் ஒத்ததை எண்ணுங்கால் உள்ளம் மகிழ்கின்றது.

ஒருநாள் ஸ்டீவன்சனின் தாயார் அவ்வூர்ப் பெண்களைக் கப்பலுக்கு அழைத்து விருந்து செய்தார். முடிவில் முதியவள் ஒருத்தி, கப்பலில் ஏதேனும் கேடு உண்டாயின் அது உரிய காலத்தில் வெளிப்படவேண்டும் என்று இறைவனை வேண்டினாள். பின்னர்க் கப்பல் தலைவர் பாய்மரத்தின் உச்சியைத் தட்டிப் பார்த்தார். மேலே வண்ணம் பூசி அழகாய் நின்ற மரம் உள்ளே உளுத்துக் கிடந்தது! நடுக்கடலில் ஒரு புயல் வந்திருப்பின், அனைவரும் அலைக்கு இரையாகியிருப்பர். பழுது பார்க்கும் பொருட்டுக் கப்பல் பப்பீத்தித் துறைமுகம் சென்றது.

நாட்கள் வாரங்கள் ஆயின, கப்பல் திரும்பவில்லை. கையிலிருந்த உணவுப் பொருள்கள் தீர்ந்தன. இனி என் செய்வது என்று ஸ்டீவன்சனின் மனைவியார் கண்ணீர் விட்டார். அதனைக் கண்ட ஓரி, தாம் அவர்களுக்கு உடன்பிறந்தவர் என்றும், தமக்குள்ள யாவும் அவர்களுக்கும் உரியன என்றும், கப்பல் வரும்வரை அழாமல் மகிழ்ந்திருக்க வேண்டும் என்றும் தேற்றினார். சொல்லளவில் நில்லாது, இளைஞர் சிலரைக் கூட்டிக்கொண்டு படகேறித் துறைமுகம் சென்று, கப்பலின் செய்தியையும் உணவுப் பொருள்களையும் கொண்டுவந்தார். விலை கொடுத்துப் பெற்ற கப்பல் கைவிட்ட வேளையில், விலை கொடாமல் பெற்ற நட்புக் கைகொடுத்தது!

அந்நாட்டு வழக்கப்படி இருவரும் தம் பெயர்களை மாற்றிக்கொண்டனர். லூயி என்னும் பெயரை ஓரி 'ரூயி' என ஏற்றார். அவர் அளித்த 'தெரீத்தேரா' என்னும் பெயரை ஸ்டீவன்சன் பூண்டார். அவ்வூரில் கேட்ட பழங்கதை ஒன்றைப் பாட்டாக இயற்றி, அதனை ஓரிக்கே உரிமையாக்கினார். 1888ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் பிரியும்போது இருதிறத்தாரும் கலங்கினர். பின்னர் ஓரி எழுதிய மடல் ஒன்று ஹவாயில் அவர் கைக்கு வந்தது. பெருங்காவியம் ஒன்றன் பகுதியை இயற்றிய பெருமையைவிட அம்மடலைப் பெற்ற பேறே தமக்கு இனியது என்று அவர் எழுதினார்.

1889ஆம் ஆண்டு ஜனவரியில் ஹவாயின் தலைநகராகிய ஹானலூலுவை அடைந்ததும் காஸ்கோவின் வாடகைப் பயணம் முடிந்தது. ஆயினும், தீவுகள் அவரை விடவில்லை. வணிகக் கப்பலில் ஏறிக் கில்பர்ட் தீவுகளைக் கண்டு, அவ்வாண்டு டிசம்பரில் சமோவாவை அடைந்தார். அங்கேயே நிலம் வாங்கிக் குடியேறினார். மக்கள் அவரைத் 'துசித்தாலா' என்று அழைத்தனர். கதை எழுதுபவர் என்பது அதன் பொருள். உள்நாட்டுப் பூசலில் சிறைப்பட்ட சமோவாத் தலைவர்களுக்கு உணவும் ஆறுதலும் அளித்தார். விடுதலை பெற்ற அவர்கள், 1894ஆம் ஆண்டில் கூலி ஏதும் பெறாமல், தம் கையாலேயே மண்வெட்டி அவர் இல்லத்திற்குச் சாலை அமைத்துக் கொடுத்தனர். 'அன்புள்ளத்தின் சாலை' என்பது அதற்கு இட்ட பெயர்.

அதே ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், தம் நாற்பத்து நான்காம் வயதில் அவர் உயிர் நீத்தார். சமோவா மக்கள் காட்டை வெட்டி வழி செய்து, அவர் உடலைத் தோள்மேல் சுமந்து, வாயா மலையின் உச்சியில் அடக்கம் செய்தனர். 1962ஆம் ஆண்டில் விடுதலை பெற்றுத் தனிநாடாக விளங்கும் சமோவாவில், அவர் வாழ்ந்த இல்லம் இன்று நினைவகமாகப் போற்றப்படுகின்றது.

இந்நாளிலும் உல்லாசக் கப்பல்களை அமர்த்திக்கொண்டு தென்கடல் தீவுகளைக் காணச் செல்வோர் பலர். நீலக் காயலையும் வெண்மணற் கரையையும் கண்டு மீள்கின்றனர். அது குற்றம் அன்று. ஆயினும், ஒரு நாட்டின் கதையைக் கேட்க விரும்புவோர், தம் கதையைச் சொல்லவும் அறிந்திருக்க வேண்டும். கொடுக்கும் கையை மட்டும் நீட்டாது, பெறும் கையையும் பணிவோடு நீட்டவேண்டும். ஸ்டீவன்சன் காஸ்கோவில் ஏறியபோது அவர் கையில் பணம் இருந்தது. வாயா மலைக்கு அவரைச் சுமந்து சென்ற தோள்களை அப்பணம் பெற்றுத் தரவில்லை.