முதல் வாரத்துக்கு முந்தைய வாரம்

2023-இல் ஏசர் என்ற கல்வி ஆய்வை நடத்தியவர்கள் கிராமங்களில் 14 முதல் 18 வயதுள்ள பிள்ளைகளைப் பார்த்துப் பேசினார்கள். 26 மாநிலங்களில் 28 மாவட்டங்கள். தமிழ்நாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது எங்கள் பெரம்பலூர் மாவட்டத்தை. வீட்டில் இருக்கும் ஸ்மார்ட்போனைக் கொண்டுவரச் சொல்லி, அலாரம் வை, ஒரு தகவலைத் தேடு, யூடியூபில் ஒரு வீடியோவைக் கண்டுபிடி, கூகுள் மேப்பில் வழி பார் என்று செய்யவைத்துப் பார்த்தார்கள். நான்குமே போன் வேலைகள். அதில் தப்பில்லை, எங்கள் பக்கத்து வீடுகளில் இருப்பது போன்தான்.

ஆன்லைன் படிப்போ போனோடு முடிந்துவிடுவதில்லை. மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் வரும் என்பிடெல் படிப்பையே எடுத்துக்கொள்வோம். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துவது. சேருவதற்குப் பணம் கிடையாது. வீடியோவைப் பேருந்தில் உட்கார்ந்துகூடக் கேட்கலாம். வாராவாரம் வரும் அசைன்மென்ட்டையும் போனிலேயே தட்டிவிடலாம். 12 வாரப் படிப்பென்றால் அவற்றில் நல்ல மதிப்பெண் வந்த எட்டுக்கு 25 சதவீதம்தான். மீதி 75 தேர்வுக்கு. அந்தத் தேர்வை நேரில் மையத்துக்குப் போய்க் கணினி முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். மூன்று மாதம் போனிலேயே படித்த பிள்ளை, முதன்முதலாக மவுஸைப் பிடிக்கும் இடம் தேர்வறையாக இருப்பது கொடுமை. பாடம் தெரிந்திருந்தும் கை தடுமாறி நேரம் போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் கல்லூரிப் பிள்ளைகள் இப்படிப்பட்ட படிப்புகளில் சேரும்போது கூட இருந்து உதவிவருகிறேன். அவர்களை நிறுத்திவைப்பது பாடம் இல்லை, அதற்கு முன்னால் வரும் சின்னச் சின்ன வேலைகள்.

செந்துறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணைச் சொல்கிறேன். பி.எஸ்சி. கணிதம், வகுப்பில் முதல் மாணவி. விண்ணப்பத்தில் கையெழுத்துப் படத்தை ஏற்ற வேண்டும். வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுப் போனில் படம் எடுத்துவிட்டாள். மெயிலில் தனக்கே அனுப்பிக் கணினியில் இறக்கியும்விட்டாள். அதற்கப்புறம் அது எங்கே போனது என்று தெரியவில்லை. திரும்ப இறக்கினாள். மறுபடியும் இறக்கினாள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். ஒரே பெயரில், பின்னால் அடைப்புக்குறிக்குள் 1, 2 என்று வரிசையாக நின்றன. போனில் படம் கேலரியில் தானாகவே வந்து நிற்கும், எங்கே வைப்பது என்று அது யாரையும் கேட்பதில்லை. கணினியில் அந்த இடத்தை நாம்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் தன் பெயரில் ஒரு ஃபோல்டர் போடவைத்தேன். எஃப் 2-வை அழுத்திப் படத்துக்கு "கையெழுத்து" என்று பெயர் மாற்றினாள். படத்தின் அளவு மூன்று எம்பி இருந்தது, தளமோ கேபி கணக்கில் கேட்டது. பெயிண்ட்டில் திறந்து ஓரங்களை வெட்டி, ரீசைஸ் செய்து சேமித்தோம். கேபிக்கும் எம்பிக்கும் உள்ள உறவைக் கணித மாணவிக்கு ஒரு தடவைக்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அரைமணி நேர வேலை. இதை யாரும் அவளுக்கு உட்கார்ந்து காட்டவில்லை, அவ்வளவுதான்.

இதைவிடச் சிக்கலானது மெயில் ஐடி. நிறையப் பேருக்கு அதை நெட் சென்டரில் போட்டுக் கொடுத்திருப்பார்கள். பத்தாம் வகுப்பு முடித்து ஏதோ விண்ணப்பம் போடப் போனபோது, அவசரத்துக்குக் கடைக்காரரே தன் போன் நம்பரைக் கொடுத்துத் தொடங்கியிருப்பார். பாஸ்வேர்டு அவர் நோட்டில் இருக்கும், இல்லாமலும் போகும். படிப்பு பற்றிய தகவல், ஹால் டிக்கெட் செய்தி, சான்றிதழ் பற்றிய செய்தி எல்லாம் அந்த முகவரிக்குத்தான் போகும். அப்புறம் பெயர். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். நம் பிள்ளைகளுக்கு இருப்பது ஒரு பெயரும் அப்பாவின் இன்ஷியலும். ஒருவர் இன்ஷியலை முன்னால் போடுகிறார், ஒருவர் அப்பா பெயரை முழுதாக எழுதுகிறார், ஆதாரில் வேறு மாதிரி இருக்கிறது. ஆதாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்துப் பார்த்துப் போடுங்கள் என்பதைத்தான் எல்லாரிடமும் முதலில் சொல்கிறேன்.

விரல் பழக்கத்துக்கு எங்கள் ஊர்களிலேயே வழி இருக்கிறது. பத்தாம் வகுப்பு விடுமுறையில் பிள்ளைகளை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துவிடுவது இந்தப் பக்கத்தில் நெடுநாள் வழக்கம். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று நாள் கணக்கில் அடித்து, ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 30 சொல் வேகத்தில் லோயர் பாஸ் செய்தவர்களுக்குக் கணினி விசைப்பலகையைப் பார்த்துப் பயம் இருப்பதில்லை. பழைய காலத்துப் படிப்பு என்று சிலர் ஒதுக்குகிறார்கள். நான் சேரத்தான் சொல்வேன். தமிழில் அடிக்க 1999-இல் தரப்படுத்திய தமிழ் 99 இருக்கிறது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. சில மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

கருவி வருவதால் மட்டும் இந்தத் தடுமாற்றம் தீராது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எங்கள் பக்கத்து வீடுகளுக்கும் மடிக்கணினி வந்தது. பல வீடுகளில் அது படம் பார்க்கும் பெட்டியாகவே இருந்து பழுதானது. கொடுத்தது நல்ல காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொடுத்த கையோடு ஒரு வாரம் உட்கார்ந்து பழக்கியிருக்க வேண்டும்.

பெண்பிள்ளைகளின் நிலைமை இன்னும் கடினம். அதே ஏசர் ஆய்வில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாகப் போன் வைத்திருந்த ஆண்பிள்ளைகள் 43.7 சதவீதம், பெண்பிள்ளைகள் 19.8 சதவீதம். அந்த 28 மாவட்டங்களையும் சேர்த்த கணக்கு இது. இங்கே அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பெண் கல்லூரி லேபில் உட்கார்ந்திருப்பாள். மெயிலைத் திறக்கக் கேட்கும் ஓடிபி அப்பாவின் போனுக்குப் போகும். அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் திருப்பூரில் ஷிப்டில் இருப்பார். அவர் எடுத்துப் பார்ப்பதற்குள் ஓடிபியின் நேரம் முடிந்திருக்கும். ஜிமெயிலில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை வைத்தால் எட்டு இலக்கத்தில் பத்துக் காப்பு எண்கள் தருவார்கள். ஓடிபி வராத நேரத்தில் பாஸ்வேர்டோடு அதில் ஒன்றைப் போட்டால் போதும், ஒவ்வொன்றும் ஒரு முறைக்குத்தான். ஒரு நாள் மாலை அப்பாவின் போன் வீட்டில் இருக்கும்போதே இதைச் செய்துவைத்துவிடலாம்.

கல்லூரிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஸ்வயமில் சேரச் சொல்லி அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை ஒட்டும் வாரத்திலேயே, வகுப்பு முடிந்து ஒரு மணி நேரம் லேபைத் திறந்துவையுங்கள். வேப்பந்தட்டைக்கும் ஆண்டிமடத்துக்கும் போகிற பிள்ளைகள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதற்கு மேல் நேரம் கேட்டால் யாராலும் முடியாது.