நாற்பதில் எது?

மன்ஹாட்டனின் தென்முனையிலிருந்து ஸ்டேட்டன் தீவுக்குச் செல்லும் படகில் கட்டணம் கிடையாது. இருபத்தைந்து நிமிடப் பயணம். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை அதில் போய் இறங்கி, அடுத்த படகிலேயே திரும்பி வந்தேன். காதில் ஆர்தர் ரஸ்ஸலின் இசை. பையில், இறந்துபோன நண்பன் ஒருவனின் இரண்டு நோட்டுப்புத்தகங்கள். ரஸ்ஸல் தான் பதிவுசெய்தவற்றை வாக்மேனில் திரும்பத் திரும்பக் கேட்டபடி இதே படகில் போய்வருவார் என்பார்கள். அதனால்தான் நானும் அந்தப் படகைத் தேர்ந்தெடுத்தேன்.

ரஸ்ஸல் 1951ல் அயோவா மாநிலத்தின் ஆஸ்கலூசா என்ற சிற்றூரில் பிறந்தவர். செல்லோ வாசிப்பவர். இளமையிலேயே சான் பிரான்சிஸ்கோவுக்குச் சென்று ஒரு பௌத்தக் குழுவினருடன் வாழ்ந்தார். அருகே சான் ரஃபேலில் அலி அக்பர் கானின் கல்லூரியில் இந்துஸ்தானி இசை பயின்றார். 1986ல் வெளிவந்த அவருடைய 'வேர்ல்ட் ஆஃப் எக்கோ' தொகுப்பில் பெரும்பாலும் குரலும் செல்லோவும் எதிரொலியும்தான். தாளம் வந்து பிடித்துக்கொள்ளாத அந்த அலைதலில் எனக்கு ஆலாபனை கேட்கிறது. என் காதின் பழக்கமாகவும் இருக்கலாம்.

1973ல் நியூயார்க் வந்தவர், அடுத்த ஆண்டே 'தி கிச்சன்' என்ற சோதனைக் கலைக்கூடத்தின் இசை இயக்குநரானார். நவீன இசையமைப்பாளர்களின் அந்த மடத்துக்குள் மாடர்ன் லவர்ஸ் என்ற ராக் குழுவை அழைத்துவந்தார். பிறகு டிஸ்கோவில் மூழ்கினார். 1978ல் 'டைனோசர்' என்ற பெயரில் 'கிஸ் மீ அகெய்ன்', 1980ல் 'லூஸ் ஜாயின்ட்ஸ்' என்ற பெயரில் இன்னொன்று. பெயர்களை மாற்றிக்கொண்டே இருந்தார். இரண்டு தோணியில் கால் வைத்தவன் கதையை நம்மூரில் எச்சரிக்கையாகச் சொல்வார்கள். இவர் நான்கைந்து தோணிகளில் கால் வைத்தார். எதுவும் கவிழவில்லை, எதுவும் கரையும் சேரவில்லை.

அவர் வாழ்க்கைப்பாதையில் ஒரு விஷயம் எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. அவருடைய பாடல்களில் நடனக்கூடங்களை அதிகம் எட்டியவை பெரும்பாலும் அவர் கையிலிருந்து வேறொருவர் வாங்கி முடித்தவை. லூஸ் ஜாயின்ட்ஸ் பாடலை லாரி லெவன் ரீமிக்ஸ் செய்தார். 'கோ பேங்'கை ஃபிரான்சுவா கெவோர்கியன் செய்தார். ரஸ்ஸலிடமே விட்டிருந்தால் அவை இன்றும் டேப்பிலேயே இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. ரஃப் டிரேட் நிறுவனத்துக்காகத் தொடங்கிய தொகுப்பைப் பல ஆண்டுகள் திருத்தினார், முடிக்கவே இல்லை. 1992 ஏப்ரலில், நாற்பதாவது வயதில், எய்ட்ஸ் நோயால் இறந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட டேப்புகள் எஞ்சின. அவற்றில் ஒரே பாடலின் கலவைகள் மட்டும் நாற்பது இருந்தனவாம்.

டேப்புகளைக் காத்தவர் அவருடைய துணைவர் டாம் லீ. வருமானமற்ற ஆண்டுகளில் ரஸ்ஸலைத் தாங்கியவர்களில் அவரும் ஒருவர். கலைஞனின் பிடிவாதத்தைப் பற்றி நாம் எழுதிக்குவிக்கிறோம், வாடகை கட்டியவரைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. 2004 முதல் ஸ்டீவ் நட்சன் என்பவர் தன் ஆடிகா லேபிளின் மூலம் டாம் லீயுடன் இணைந்து அவற்றை வெளியிட்டுவருகிறார். 2008ல் ஆவணப்படம், 2009ல் வாழ்க்கை வரலாறு. இன்று ரஸ்ஸலை அறியாத இசை விமர்சகர் இல்லை.

எனக்கு இதில் நெருடல் உண்டு. 2019ல் வந்த 'அயோவா ட்ரீம்' தொகுப்பின் சில பாடல்களில் பீட்டர் பிராடரிக் என்ற இசைக்கலைஞர் புதிதாக வாத்தியங்கள் சேர்த்திருக்கிறார். ரஸ்ஸல் இறந்தபோது அவர் சிறு குழந்தை. பாடல்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் நாற்பதில் இதுதான் என்று முடிவு செய்தது யார்? ரஸ்ஸலுக்கு அது தெரிந்திருந்தால் அவரே சொல்லியிருக்க மாட்டாரா?

அந்தக் கேள்வியை எறிந்துவிட்டுப் போக எனக்கு இப்போது வழியில்லை. நண்பன் மதுரையில் தபால் துறையில் இருந்தவன். சிற்றிதழ்களில் பதினாறு கவிதைகள் வந்திருக்கின்றன, அவ்வளவுதான். அவன் மனைவி நோட்டுகளைக் கொடுத்து, "நீங்களே பார்த்து ஒரு புத்தகமா ஆக்கிடுங்க அண்ணா" என்றார். அப்பாவின் குடையைப் பற்றிய ஒரு கவிதை அதில் பதினொரு முறை எழுதப்பட்டிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் கீழே தேதியுடன். ஏழாவது வடிவம்தான் கவிதை என்பது என் முடிவு. கடைசி வடிவத்தில் நான்கே வரிகள். மருத்துவமனைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பு எழுதியது. ஏழாவதைப் போட்டால் அது என் தேர்வு. கடைசியைப் போட்டால் அவன் ஆணை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். லெவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. பாட்டுக்காரர் உயிரோடு இருந்தார், சண்டை போட்டிருக்கலாம்.

படகிலிருந்து இறங்கியதும் மதுரைக்கு அழைத்தேன். அங்கே விடிந்திருந்தது. கடைசி வடிவத்தைப் படித்தேன். நான்கு வரிகள் முடிந்து சிறிது நேரம் பேச்சில்லை.

"குடை எங்க போச்சு அண்ணா?" என்றார்.

ஆம், கடைசி வடிவத்தில் குடை இல்லை. மழை மட்டும் இருந்தது. ஏழாவதையும் படித்தேன். அதைக் கேட்டு அவர் அழுதார். பிறகு, "இதை அவர் எனக்குப் படிச்சுக் காட்டினாரு, பிடிக்கலைன்னு அடிச்சுட்டாரு" என்றார். நோட்டைத் திறந்து பார்த்தேன். பக்கத்தின் குறுக்கே, நான் அதுவரை மை கசிவு என்று நினைத்திருந்த மெல்லிய கோடு ஒன்று ஓடியது.

பதினொன்றையும் தேதி வரிசையில் தட்டச்சு செய்யத் தொடங்கியிருக்கிறேன். இப்போது நான்காவதில் இருக்கிறேன்.