அம்மாவின் ஓய்வு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (கணிதம்)

'ஓய்வு பெற்றவர்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்ணில் ஓர் உருவம் தோன்றும். சாய்வு நாற்காலி, மூக்குக் கண்ணாடி, கையில் செய்தித்தாள், மாதம் பிறந்தால் வங்கிக்குப் போய் வாங்கி வரும் பென்ஷன். இத்தனை ஆண்டு உழைத்தவர் இனிமேல் பேரப் பிள்ளைகளோடு பொழுதைக் கழிப்பார் என்று நாமும் மகிழ்ந்துகொள்கிறோம். அந்தச் சித்திரம் பொய்யன்று. ஆனால் அது ஒரு சாராரின் சித்திரம். உழைத்து ஓய்ந்தவர்களில் இன்னொரு சாராரும் உண்டு. அவர்களுக்கு வேலை முடிகிற நாளில் வீடும் முடிந்துவிடுகிறது, ஊரும் முடிந்துவிடுகிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைச் சொல்கிறேன். என் தாயும் தந்தையும் அவர்களில் இருவர்.

ஆழியாறு அணையிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. சுமார் 3,500 அடி உயரம். நண்பர்கள் பலர் அங்கே சுற்றுலா சென்றிருப்பீர்கள். பச்சைக் கம்பளம் விரித்தது போல் இருக்கிறது என்று வியந்திருப்பீர்கள். அந்தக் கம்பளத்தின் ஓரத்தில், ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கும் சிறு வீடுகளும் கண்ணில் பட்டிருக்கும். 'லைன் வீடு' என்று நாங்கள் சொல்லும் அந்த வீடுகளில் ஒன்றில்தான் நான் பிறந்து வளர்ந்தேன்.

என் தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி மலையேறியவர். அப்பா தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அம்மா கொழுந்து பறித்தாள். தொழிலாளிக்கு வீடு, குடிநீர், மருத்துவ வசதி, கைக்குழந்தைகளுக்குக் காப்பகம் ஆகியவற்றை நிர்வாகமே தர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆகவே என் பெற்றோர் வாழ்நாளில் வீட்டு வாடகை என்று ஒரு காசு கொடுத்தவர்கள் அல்லர். தண்ணீர் குழாயில் வந்தது. கவாத்து வெட்டிய செடிக் குச்சிகள் அடுப்பெரித்தன. காய்ச்சல் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரி இருந்தது.

இவையெல்லாம் வேலைக்குக் கட்டப்பட்டவை. குடும்பத்தில் ஒருவராவது வேலையில் இருக்கும்வரை வீடு உண்டு. 2022இல் அப்பா 58 வயது நிறைந்து ஓய்வு பெற்றபோது எங்களுக்கு எதுவும் மாறியதாகத் தோன்றவில்லை. அம்மா வேலையில் இருந்தாள், வீடும் இருந்தது. 2024 மே மாதத்தில் அம்மாவின் முறை வந்தது. முப்பத்தாறு ஆண்டு சர்வீஸ். கடைசி நாளன்று ஒரு மாலை, ஒரு சால்வை, டிவிஷன் பெண்கள் சேர்ந்து வாங்கித் தந்த ஒரு சில்வர் குடம். அதோடு வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம்.

வீட்டைத் தக்க வைத்துக்கொள்ள ஒரே ஒரு வழி இருந்தது. பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலைக்குச் சேர வேண்டும். அக்காள் மணமாகிப் போய்விட்டாள். அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மீதி நான்தான். அதே மே மாதத்தில் எனக்குப் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்திருந்தது. கணக்கில் நல்ல மதிப்பெண். "ஒரு அஞ்சு வருசம் போகட்டுமே, பிள்ளை கொழுந்தெடுக்கட்டும், அப்புறம் கல்யாணம்தானே" என்று பக்கத்து வீட்டார் பரிவோடுதான் சொன்னார்கள். அப்பா பதில் சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் சொன்னாள்: "கூடை என்னோட இறங்கட்டும். அவ காலேஜுக்குப் போகட்டும்."

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான். அதற்குக் கட்டணம் எவ்வளவு என்று யாராவது கேட்டால், அரசுக் கல்லூரியாதலால் மிகக் குறைவு என்று சொல்வேன். ரசீதில் எழுதப்படாத கட்டணம் ஒன்று உண்டு. அது அந்த இரண்டறை வீடு.

வீட்டை விட்டு இறங்குவது என்று முடிவான பிறகு ஒரு சிக்கல் எழுந்தது. சமவெளியில் வாடகைக்கு வீடு பிடிக்க முன்பணம் வேண்டும். லாரி வாடகை வேண்டும். அம்மாவுக்கு வரவேண்டிய பணிக்கொடை நிர்வாகத்திடம் இருந்தது. அதைத் தர வேண்டுமானால் முதலில் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். பணம் கிடைத்தால்தான் வெளியேற முடியும். வெளியேறினால்தான் பணம் கிடைக்கும். முப்பது நாளுக்குள் பணிக்கொடையைத் தர வேண்டும் என்று சட்டம் சொன்னதை அப்பா தொழிற்சங்கத்தில் கேட்டு வந்தார். சட்டத்தைப் பேச நாள் இருந்தது. காத்திருக்க எங்களுக்கு வசதி இல்லை. அம்மாவின் மகளிர் குழு நாற்பதாயிரம் கடன் கொடுத்தது. அதைக் கொண்டு பொள்ளாச்சிக்கு அருகில் ஒரு சிற்றூரில் வீடு பிடித்து இறங்கினோம். சாவி கொடுத்த பிறகு காசோலை வந்தது.

நான் கணிதம் படிப்பவள். ஆகவே எங்கள் வீட்டு வரவு செலவை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்தக் கணக்கை இங்கே சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. நம்மில் பலர் வீட்டிலும் இதே கணக்குத்தான் இருக்கும்.

1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் கூலி. அம்மாவின் நாள் கூலி சுமார் 430 ரூபாய். முப்பத்தாறு ஆண்டுக்குப் பெருக்கினால் 2,32,000 ரூபாயும் சில்லறையும். வைப்பு நிதியில் அக்காளின் திருமணத்துக்கும் அண்ணனின் படிப்புக்கும் முன்பே எடுத்தது போக மிஞ்சியது 1,10,000. குழுக் கடனை அடைத்த பிறகு கையில் நின்றது மூன்று லட்சம். ஒரு பெண் தன் இருபத்திரண்டாம் வயது முதல் ஐம்பத்தெட்டு வரை மழையிலும் அட்டைக்கடியிலும் நின்றதற்குக் கிடைத்த மொத்த முதல் அது.

அடுத்தது மாத ஓய்வூதியம். இது 1995 நவம்பரில் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் வருவது. கடைசி ஐந்தாண்டுச் சராசரிக் கூலியைப் பணியாண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுப்பது அதன் சூத்திரம். ஆனால் 2014 செப்டம்பருக்கு முந்திய ஆண்டுகளுக்கு 6,500 ரூபாய்க்கு மேல் கூலியைக் கணக்கில் எடுப்பதில்லை. கூலியில்லாமல் போன நாட்களும் கழிந்துவிடும். எல்லாம் போக அம்மாவுக்கு 2,900 ரூபாய், அப்பாவுக்கு 3,000 ரூபாய். அரசு ஊழியரின் ஓய்வூதியத்தில் விலைவாசி ஏறும்போது அகவிலைப்படி ஏறும். இந்தத் திட்டத்தில் அது கிடையாது. அரிசி பருப்பு விலை ஆண்டுதோறும் ஏறலாம். 2,900 அங்கேயே நிற்கும்.

செலவுப் பக்கத்தைப் பாருங்கள். வாடகை 3,500. மலையில் நாங்கள் விலை கொடுத்தறியாத தண்ணீருக்கு இங்கே குடத்துக்கு ஒரு விலை. விறகுக்குப் பதில் சிலிண்டர். குளிருக்குக் கம்பளி போய், வெக்கைக்கு மின்விசிறி வந்தது. அதற்கு மின் கட்டணம். ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அரசு மருத்துவமனையில் அப்பாவின் இரத்த அழுத்த மாத்திரை கிடைக்கிறது. புதுமைப்பெண் திட்டத்தில் எனக்கு வரும் 1,000 ரூபாயில் புத்தகமும் பேருந்தும் போகின்றன. இவை இல்லையென்றால் இந்தக் கணக்கு எந்த வழியிலும் நேராகாது.

கணக்கை எழுத எழுத எனக்கு ஒன்று விளங்கியது. அம்மாவின் கூலி 430 ரூபாய் என்று சொல்வது பாதி உண்மைதான். அவள் உழைப்புக்கு நிர்வாகம் கொடுத்தது அந்த 430 ரூபாயும், ஒரு வீடும், தண்ணீரும், விறகும், மருத்துவமும். பணிக்கொடை கணக்கிட்டபோது அந்த 430 மட்டும் கணக்கில் வந்தது. வைப்பு நிதிக்குப் பிடித்தபோதும், ஓய்வூதியம் வகுத்தபோதும் அதே 430தான். வீடு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. நகரத்தில் வேலை பார்ப்பவர் தம் சம்பளத்தில் சிறுகச் சிறுக மிச்சம் பிடித்து ஒரு மனையாவது வாங்கி வைத்திருப்பார். தோட்டத் தொழிலாளிக்கு அந்த மிச்சம் ரொக்கமாகக் கைக்கு வந்ததே இல்லை. இருக்கும்வரை வீடாகத் தங்கியது. இறங்கும்போது காற்றாய்ப் போனது.

மூன்று லட்சத்தை என்ன செய்வது என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்தது. போக்கியத்துக்கு வீடு பிடித்தால் மாதம் 3,500 ரூபாய் வாடகை மிச்சம் என்றான் அண்ணன். தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது; அறுபது ஆகாவிட்டாலும் ஐம்பத்தைந்தைத் தாண்டி ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அதில் சேரலாம். 2024இல் வட்டி 8.2 சதவீதம். மூன்று லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 6,150 ரூபாய். ஆண்டுக்கு 24,600. போக்கியத்தில் மிச்சமாகும் வாடகையோ ஆண்டுக்கு 42,000. இரண்டையும் ஒரே தாளில் எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

அவள் வெகு நேரம் அந்தத் தாளைப் பார்த்தாள். "ரெண்டாவது பெருசுதான். ஆனா வீட்டுக்காரர் மூணு வருசம் கழிச்சுப் பணத்தைத் திருப்பித் தரலைன்னா நான் எங்க போய் நிக்கிறது? முப்பத்தாறு வருசம் இன்னொருத்தர் வீட்டுல இருந்தாச்சு. என் காசையும் இன்னொருத்தர் வீட்டுல வைக்கணுமா?" என்றாள். அண்ணன் மறுத்துப் பேசவில்லை. பணம் தபால் நிலையத்துக்குப் போனது, அவள் பெயரில்.

அங்கும் ஒரு சோதனை காத்திருந்தது. ஓய்வூதியம் வாங்குவோர் ஆண்டுக்கு ஒருமுறை உயிருடன் இருப்பதற்குச் சான்று தர வேண்டும். விரல் ரேகையை இயந்திரத்தில் பதிந்தால் போதும் என்பது பொதுவான ஏற்பாடு. அம்மாவின் விரலை இயந்திரம் ஏற்கவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தோம். தண்ணீர் தொட்டுத் துடைத்து வைத்தோம். கொழுந்து பறித்துப் பறித்து ரேகை மழுங்கிவிட்டது. உழைத்ததற்காகக் கிடைக்கும் பணத்தை வாங்க, உழைப்பே தடையாய் வந்து நின்றது! முகத்தைப் படம் பிடித்துச் சான்று தரும் வழியும் உண்டு என்று அங்கிருந்த ஓர் இளைஞர் சொன்னார். அதன் வழியே வேலை முடிந்தது. அன்று முதல் அம்மா கையெழுத்துப் பழகுகிறாள். மூன்றாம் வகுப்போடு விட்ட எழுத்து. என் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கங்கள் முழுவதும் இப்போது அவள் பெயர்தான்.

பணத்துக்குப் பழகுவதைவிடப் பொழுதுக்குப் பழகுவது கடினமாக இருந்தது. விடியுமுன் எழுந்து, சாக்கைத் தேடி இடுப்பில் சுற்றப் போய், பிறகு நினைவு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவாள். லைன் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் எப்போதும் ஒரு குரல் இருக்கும். இங்கே வீடுகளுக்கு நடுவே மதில்கள் இருக்கின்றன. 'எந்த ஊர்?' என்று கேட்பவர்களுக்கு வால்பாறை என்பதா, தாத்தாவின் ஊரைச் சொல்வதா என்று அவள் திகைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்பா ஒரு தென்னந்தோப்பில் இரவுக் காவலுக்குப் போகத் தொடங்கினார். சில மாதங்களில் அம்மாவும் கொப்பரைக் களத்துக்கு வேலைக்குப் போனாள். ஓய்வு என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டு அகராதியில் 'வேறு வேலை' என்றுதான் பொருள்.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டும் என்று எண்ண வேண்டாம். திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையில் 2024இல் ஊர் முழுவதற்கும் இந்த நிலை வந்தது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் பெற்ற 99 ஆண்டுக் குத்தகை 2028இல் முடிவதை ஒட்டி, தோட்டத்தை நடத்திய நிறுவனம் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள் மதுரையில் உயர் நீதிமன்றத்தின் படியேறினார்கள். அவர்கள் கேட்டதும் பணத்தை மட்டும் அன்று. இனி எங்கே இருப்பது என்பதையுந்தான்.

நண்பர்களே! பட்டம் பெற்று நாளை நம்மில் சிலர் வங்கியிலும், வைப்பு நிதி அலுவலகத்திலும், வட்டாட்சியர் அலுவலகத்திலும் அமரப் போகிறோம். ரேகை மழுங்கிய விரலோடு ஒருவர் நம் மேசைமுன் வந்து நிற்பார். "மெஷின் எடுக்கலை, நாளைக்கு வா" என்று அவரைத் திருப்பி அனுப்பாமல், வேறு வழி என்ன இருக்கிறது என்று தேடிக் கொடுப்போம். தோட்டத் தொழிலாளி ஓய்வு பெறுமுன்பே அவருக்கு ஒரு மனையோ வீடோ உறுதியாக வேண்டும் என்று கேட்கும் இடத்தில் இருந்தால் கேட்போம். பொருளாதாரம் படிக்கும் நண்பர்கள், கூலியைக் கணக்கிடும்போது கூரையையும் ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். காலையில் நீங்கள் குடிக்கும் தேநீரின் விலையில் அந்த வரி இன்னும் சேரவில்லை.